பிலோமி வீட்டுக்கு வந்த முழு சுதந்திரம்

முத்தொளி டிவியின் படைப்புச் சுதந்திரப் பிரிவிலிருந்து போன் வந்தபோது, கில்பர்ட் தங்கச்சிமடத்தில் தன் பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து, கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றில் இறந்தவருக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கிடைத்த ஒரே போட்டோவில் இறந்தவர் ஒரு கட்சித் துண்டு போட்டிருந்தார். பிள்ளைகள் இப்போது வேறு கட்சி.

போனில் பேசியவர் குரல் தழுதழுத்தது. 'பிலோமி வீடு' தொடரை மறுபடியும் எடுக்கப்போகிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும், உங்களுக்கு முழு சுதந்திரம் என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட முழு சுதந்திரம் உண்டு, ஆனால் அறிவிப்பு நேற்றே வெளியாகிவிட்டது என்றார்.

பிலோமி வீடு என்றால் அந்தக் கரையில் விளக்கம் தேவையில்லை. இருபது வருடங்களுக்கு முன்பு அது ஓடிய நேரத்தில் பரமக்குடியில் தறி நிற்கும். தொண்டி பஸ்ஸின் டிரைவர் அன்றைய கதை முடிந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். பயணிகளும் அதுவரை டீக்கடை டிவிக்கு முன்னால்தான் நிற்பார்கள். கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த கில்பர்ட்டை ஒரே வருடத்தில் ஊருக்கெல்லாம் தெரிய வைத்தது அந்தத் தொடர்தான்.

கதை பெரிய கதையில்லை. சூசை என்ற மீனவர் ஒரு நாள் காலை கடலுக்குப் போகிறார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவர் மனைவி பிலோமி மீன் விற்கிறாள், சண்டை போடுகிறாள், பிள்ளைகளை வளர்க்கிறாள், வீடு கட்டுகிறாள். கடைசி நாள் வரை சூசை வரவேயில்லை. செத்துவிட்டார் என்றும் யாரும் சொல்லவில்லை.

அது கில்பர்ட்டின் அக்கா மிக்கேலம்மாளின் கதை. அவள் புருஷன் பிரடெரிக், வலை இழுத்து இழுத்து ஒரு பக்கத் தோள் இறங்கிப்போன மனிதர், அப்படித்தான் போனார். கருவாட்டு வியாபாரம் செய்து மகளைக் கட்டிக்கொடுத்து, இன்றைக்கும் அதே வீட்டில் இருக்கிறாள். முதல்முறை கில்பர்ட் எழுத உட்கார்ந்தபோது, என்னத்தையும் எழுதிக்கோ, அவரு வந்துட்டாருன்னு மட்டும் எழுதிப்புடாத என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இராமநாதபுரத்தில் ஒரு ஓட்டலின் ஏ.சி. அறையில் முதல் கூட்டம் நடந்தது. எல்லோரும் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து, "எழுத்தாளரே ராஜா" என்று மூன்று முறை சொன்னார்கள். கில்பர்ட்டும் சொன்னார். ஒரு வெல்வெட் தலையணையில் தங்க நிறப் பேனா ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். அவர் கையை நீட்டியதும் பக்கத்திலிருந்தவர் மெதுவாகத் தடுத்தார். பேனா விளம்பரதாரருடையது, தொட்டால் ஒப்பந்தத்தில் சிக்கல்.

பிரிவின் தலைவர் ராமசுப்பிரமணியன் பேச எழுந்தார். சந்தன நிறச் சட்டை, நெற்றியில் கீற்று, யாரைப் பார்த்தாலும் ஆறுதல் சொல்வதுபோல் ஒரு முகம்.

"கில்பர்ட் சார், எழுத்தாளரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுங்கறதுல எங்க சேனல் ரொம்பத் தீவிரமா இருக்கு. வேற எந்த சேனல்லயும் சுதந்திரத்துக்குன்னு தனியா ஆள் கிடையாது. எங்ககிட்ட ஒரு மாடி முழுக்க இருக்காங்க. நீங்க எழுதற ஒவ்வொரு வரியையும் அவங்க படிப்பாங்க. அதுல உங்க சுதந்திரம் சரியா இருக்கான்னு பார்ப்பாங்க. குறைவா இருந்தா, அவங்களே திருத்தி எழுதிக் குடுத்துடுவாங்க. உங்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது."

எல்லோரும் கைதட்டினார்கள். கில்பர்ட் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று தெரியாமல், கடைசியாகத் தட்டினார்.

எழுத ஆரம்பித்த வாரமே முதல் திருத்தம் வந்தது. மீன் வேண்டாம். தொடருக்குப் பணம் போடுவது அறைக்கு வாசனை அடிக்கும் ஸ்பிரே தயாரிக்கும் நிறுவனம். திரையில் மீனைக் கண்டால் பார்ப்பவருக்கு மூக்கில் நாற்றம் வருகிறது என்று சேனலின் ரசனை ஆய்வாளர் சிநேகா கண்டுபிடித்திருந்தாள். சிநேகா சின்ன வயசுப் பெண். கையில் எப்போதும் ஒரு டேப்லெட். கேட்பதையெல்லாம் அதில் குறித்துக்கொள்வாள்.

இது மீனவர் கதையாச்சே, வலையில் பிறகு என்னதான் வரும் என்று கில்பர்ட் கேட்டார்.

"என்ன வேணும்னாலும் வரலாம் சார்" என்றார் ராமசுப்பிரமணியன். "அதுல நாங்க தலையிடவே மாட்டோம். மீன் மட்டும் வேண்டாம்."

கில்பர்ட் நாலு நாள் யோசித்தார். நண்டு கேட்டார், அது மீனின் சொந்தம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில், ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், வருகிறார்கள், எதற்குப் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு மாடி முழுக்க எழுந்து நின்று கைதட்டியதாகத் தகவல் வந்தது. பிலோமி தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாகப் போவாள், கூடையில் என்ன என்று காட்டக்கூடாது என்பது அவர்களே சேர்த்தது.

அடுத்தது பிலோமியின் வயது. பழைய நடிகை நன்றாகத்தான் இருந்தார், ஆனால் இருபது வருடம் கழித்து அவருக்கு இருபது வயது கூடியிருந்ததைச் சேனல் எதிர்பார்க்கவில்லை. புதிய பிலோமிக்கு இருபத்தெட்டு வயது. அவள் மகன் மட்டும் பழைய தொடரில் குழந்தையாக நடித்த அதே ஆள், இப்போது முப்பது தாண்டித் தாடி வைத்திருந்தான். முதல் நாள் ஒத்திகையில் அவன் "அம்மா" என்று கூப்பிட்டதும் அந்தப் பெண் யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். தாய்மைக்கு வயதில்லை என்று ராமசுப்பிரமணியன் சொன்னார். கில்பர்ட் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் அவர் ஒன்றும் சொல்லாமலிருக்கப் பழகிக்கொண்டிருந்தார். அதுவும் சுதந்திரத்தில் சேர்த்தி என்று சொல்லியிருந்தார்கள்.

பிறகு கடலைப் பார்க்க எல்லோரும் தங்கச்சிமடத்துக்கு வந்தார்கள்.

தங்கச்சிமடத்துக் கடல் பாக் ஜலசந்திக் கடல். தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் கிடக்கும். ராமசுப்பிரமணியன் கரையில் வெகுநேரம் நின்று பார்த்தார். அலை எப்போது வரும் என்று கேட்டார். வராது, இது பெண்கடல், தெற்கே கொஞ்ச தூரம் போனால் ஆண்கடல், அங்கன அலை இருக்கும் என்றார் கில்பர்ட். அந்தக் கடல் பட்ஜெட்டில் இல்லை என்றார் அவர். இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தார்.

"இந்தக் கடல் நடிக்க மாட்டேங்குது சார்" என்றார்.

ஆகவே கடலுக்கு முன்னால் ஒரு கடல் கட்டினார்கள். பெரிய தொட்டி, அதில் நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு மூலையில் அலை மெஷின். நிஜக் கடல் கேமராவில் விழுந்து குழப்பம் செய்துவிடாமல் நீளத்துக்குப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். காலையில் கரை திரும்பிய நாட்டுப்படகுக்காரர்கள், கரை எங்கே போனது என்று தெரியாமல் துணிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்கள். அவர்கள் குரல் மிகவும் இயல்பாக இருப்பதாகச் சொல்லி ஒலிப்பதிவாளர் அதைப் பதிவு செய்துகொண்டார். பிறகு அது யதார்த்தமாக இல்லை என்று நீக்கப்பட்டது.

தொட்டிக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். நல்ல தண்ணீர். தங்கச்சிமடம் இருக்கும் தீவில் நல்ல தண்ணீருக்கு உள்ள தட்டுப்பாடு சேனலுக்குத் தெரியாது. அன்று மாலையே பெண்கள் குடங்களோடு வந்து கடலில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார்கள். செக்யூரிட்டி ஓடிவந்து, கடலில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தடுத்தார். கடலில்தானே எடுக்கிறோம், உங்க வீட்டிலயா எடுக்கிறோம் என்று மிக்கேலம்மாளின் பக்கத்து வீட்டு ஜோஸ்லின் கேட்டாள். நடுவில் கடல் வற்றியதில் படகு தரை தட்டி, சூசையின் தம்பியாக நடித்தவருக்குக் காலில் சுளுக்கு. உள்ளூர் மக்கள் செட் கடலை முழுமனதோடு ஏற்றுக்கொண்டதாக சிநேகா குறித்துக்கொண்டாள்.

இதையெல்லாம் கில்பர்ட் தாங்கிக்கொண்டார். மீன் இல்லாவிட்டால் என்ன, கடல் பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன, பிலோமி பிலோமியாக இருந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தினமும் மாலை அக்கா வீட்டுக்குப் போய் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லுவார். அவள் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, இவனுவ அப்பனாத்தாளுக்கு இதெல்லாம் தெரியுமா என்பாள். அதோடு சரி.

ஒரு நாள் ராமசுப்பிரமணியன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்து, சூசை வரப்போகிறார் என்றார்.

கில்பர்ட்டுக்கு முதலில் புரியவில்லை. நடிகர் யாரோ வருகிறார் என்று நினைத்தார். புரிந்ததும் இளநீரைக் கீழே வைத்தார். சூசை வரக்கூடாது என்றார். இருபது வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. வேறு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்தக் கதையே அவர் வராததுதான், அவர் வந்துவிட்டால் அந்தப் பெண் இத்தனை வருடம் செய்தது எதற்கும் அர்த்தமில்லாமல் போய்விடும் என்றார்.

ராமசுப்பிரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. கில்பர்ட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் சார் சுதந்திரம். ஒரு எழுத்தாளர் எங்க முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றார். நாங்க கேட்டுக்கறோம். எந்த சேனல்ல இது நடக்கும்? உங்க மறுப்பை நாங்க பதிவு பண்ணிக்கிட்டோம். சூசை திங்கட்கிழமை வர்றார்."

ஆனாலும் மக்கள் கருத்துதான் கடைசி என்று ஒரு சடங்கு பாக்கியிருந்தது. பங்குக் கோயில் மண்டபத்தில் ஊர்ப் பெண்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு ஸ்பிரே டப்பா கொடுத்து, சிநேகா கேள்வி கேட்டாள். முதல் வரிசையில் மிக்கேலம்மாள். கில்பர்ட் பின்னால் சுவரோரம் நின்றார். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று அவர் நம்பியிருந்தார்.

சிநேகா டேப்லெட்டைப் பார்த்துப் படித்தாள். கடலுக்குப் போன கணவர் இருபது வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றார். அவர் வரணும்னு நீங்க விரும்புறீங்களா?

அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் பலருக்கு வராத ஆள் ஒருவர் இருந்தார். புருஷன், அண்ணன், மகன். எல்லோரும் மிக்கேலம்மாளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வேணாம்னு யாருத்தா சொல்லுவா?" என்றாள்.

சிநேகா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குறித்துக்கொண்டாள். நூறு சதவீதம்.

அன்று மாலை கில்பர்ட் அக்கா வீட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே போகவில்லை. நீயே சொல்லிட்டியே அக்கா என்றார்.

"ஏலே, அந்தப் புள்ள கேட்டதுக்குப் பதில் சொன்னேன்" என்றாள் மிக்கேலம்மாள். "டிவிக்குள்ள வரச் சொன்னேனா?"

மறுநாள் கில்பர்ட் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். பெரிய சண்டை வரும், வழக்குப் போடுவார்கள் என்றெல்லாம் பயந்துகொண்டுதான் போனார். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதே இராமநாதபுரத்து ஓட்டலில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். விலகும் சுதந்திரத்தை எங்கள் சேனலில் முதன்முதலாக முழுமையாகப் பயன்படுத்தியவர் என்று ராமசுப்பிரமணியன் அறிமுகப்படுத்தினார். இதுவரை இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தோம் என்றார். எழுத்தாளரே ராஜா என்று மூன்று முறை சொன்னார்கள். பெயரை எடுத்துவிடும்படி கில்பர்ட் கேட்டுக்கொண்டார். எடுக்க முடியாது, அது விளம்பரத்தில் போய்விட்டது என்றார்கள். தொடரின் ஆரம்பத்தில் "மூலக்கதை, சுதந்திரம்: கில்பர்ட்" என்று வந்தது.

திங்கட்கிழமை மாலை மிக்கேலம்மாள் வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். பழைய வழக்கம், முதல் தொடரையும் அங்கேதான் பார்த்தார்கள். கில்பர்ட் வர மாட்டேன் என்று கடையில் இருந்தார். பிறகு அக்கா தனியாகப் பார்ப்பாளே என்று ஷட்டரை இழுத்துவிட்டு வந்து, எல்லோருக்கும் பின்னால் அரிசி டிரம் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே இருபது பெண்கள் இருந்தார்கள். அவருக்கு என்னவோ அக்கா தனியாக இருப்பதாகத்தான் பட்டது.

இருபத்தெட்டு வயது பிலோமி தலையில் கூடையோடு வந்தாள். பிளாஸ்டிக் கடல் மூலையிலிருந்து மூலைக்கு ஆடியது. வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மூன்று தடவை இடி இடித்தது. நீலக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். மூன்று பக்கத்திலிருந்தும் அவர் முகத்தைக் காட்டினார்கள். "பிலோமி" என்றார். மறுபடியும் இடி.

வீட்டில் யாரும் மிக்கேலம்மாள் பக்கம் திரும்பவில்லை. அவள் ரிமோட்டை எடுத்தாள். அணைக்கப்போகிறாள் என்று கில்பர்ட் நினைத்தார். அவள் சத்தத்தை மட்டும் குறைத்தாள், அடி மட்டம் வரைக்கும். திரையில் அந்த ஆள் வாயசைத்துக்கொண்டே பிலோமியை நோக்கி வந்தார்.

"கரண்டு மீட்டர் பாக்க ஆள் வந்திருக்கு" என்றாள் மிக்கேலம்மாள்.

ஜோஸ்லின்தான் மெதுவாகக் கேட்டாள், கோட்டுப் போட்டுக்கிட்டா என்று.

"மேலதிகாரி."

திரையில் பிலோமி கதறி அழுது மண்டியிட்டாள். பாவம், பில்லு எக்கச்சக்கமா வந்திருச்சு போல என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. அவர் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார். அதிகாரின்னா கை நீட்டிப் பேசலாமா, தள்ளி நின்னு பேசச் சொல்லு என்றாள் இன்னொருத்தி. தாடி வைத்த மகன் ஓடிவந்து அவர் காலில் விழுந்தான். ஃபியூசைப் புடுங்கிறாதீங்கன்னு கெஞ்சுறான் என்று ஜோஸ்லின் சொன்னாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீடே சிரித்தது. மிக்கேலம்மாள் மட்டும் சிரிக்காமல், மீட்டர் கதவுக்குப் பின்னால இருக்கு, அங்கன பாக்கச் சொல்லு என்றாள். கில்பர்ட் டிரம்மில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பல மாதமாகச் சேர்ந்திருந்த சிரிப்பு அது.

அதன்பிறகு தினமும் அப்படித்தான். அந்த ஆள் ஒரு நாள் ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தார், ஒரு நாள் வீடு தெரியாமல் வந்தார், ஒரு நாள் தேர்தலுக்கு நின்றார். தங்கச்சிமடத்தில் தெருத்தெருவாகப் பெண்கள் சத்தத்தை அடைத்துவிட்டுத் தாங்களே பேசினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வேறு கதை ஓடியது. எந்த வீட்டிலும் சூசை வரவில்லை.

தொடருக்கு அந்தக் கரையில்தான் பார்வையாளர்கள் அதிகம் என்று கணக்கு வந்தது. ஏன் என்று பார்க்க சிநேகா வந்தாள். மிக்கேலம்மாள் அவளுக்குக் கடுங்காப்பி கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். சிநேகா டேப்லெட்டை மடியில் வைத்தபடியே முழுவதையும் பார்த்தாள். போகும்போது, அந்த மீட்டர் அதிகாரி மறுபடியும் வருவாரா என்று கேட்டாள். வருவாரு, மாசாமாசம் வரணும்ல என்றாள் ஜோஸ்லின்.

ராமசுப்பிரமணியன் கில்பர்ட்டுக்குப் போன் செய்தபோது மாலையாகிவிட்டது. டிவிக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மிகுந்த மகிழ்ச்சியில் இருந்தார். மக்களே வசனம் பேசும் உலகின் முதல் தொடர் என்று அறிவிக்கப்போவதாகச் சொன்னார்.

"அவங்களுக்கு முழு சுதந்திரம் குடுக்கறோம் சார். ஒரே ஒரு சின்ன விஷயம். நாளைக்கு என்ன பேசப்போறாங்கன்னு இன்னிக்கே சொல்லிட்டாங்கன்னா, எங்க மாடியில பார்த்துத் திருத்திக் குடுத்துடுவோம்."

கில்பர்ட் போனை அக்காவிடம் நீட்டினார். அவள் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். சீரியல் ஓடுதுய்யா, பேசாம இருங்க என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்குத் திரையில் கோட்டு இல்லை. எதற்காகவோ அந்த ஆளுக்கு ஒரு கைலியும் பழைய சட்டையும் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் கடலைப் பார்த்தபடி, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கத் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. முகத்தைக் காட்டவேயில்லை. காற்றில் சட்டை மட்டும் அடித்துக்கொண்டது.

பெண்கள் மிக்கேலம்மாளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் மடியில் இருந்த ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஜோஸ்லின் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கில்பர்ட் எழுந்து போய் டிவியை அணைத்துவிடலாமா என்று நினைத்தார்.

வெகுநேரம் கழித்து மிக்கேலம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"யாரோ அசலூரு ஆளு. வெயில்ல நிக்காரு" என்றாள். "உள்ள வரச் சொல்லி சோறு போடு."

திரையில் கூடையோடு வந்த பிலோமிக்காக, ஜோஸ்லின் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாருன்னு கேக்கட்டா?"

"கேக்காத. சாப்பிட்டுப் போகட்டும்."